கால் வலி என்று எழுதப்படும் காந்தல்

“உள்ளங்கால் காந்துதுங்க டாக்டர். பகலெல்லாம் ஒண்ணும் இல்ல, ராத்திரி படுத்தாத்தான்” என்கிறார் அறுபதைக் கடந்த ஒரு பெண். எதிரில் இருக்கும் இளம் மருத்துவர் சீட்டில் ‘கால் வலி, இரு பக்கமும், மூன்று மாதங்களாக’ என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார். வலி மாத்திரை ஐந்து நாள்களுக்கு, சத்து மாத்திரை பதினைந்து நாள்களுக்கு. அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறார். கூட்டம் மிகுந்த வெளிநோயாளர் பிரிவு எதிலும் எந்த நாளிலும் நிகழக்கூடிய உரையாடல் இது. இதில் எவரும் தவறு செய்ததாகத் தோன்றாது. நோயாளி தம் துன்பத்தைச் சொன்னார். மருத்துவர் அதைக் கேட்டு எழுதினார். ஆனால் ‘காந்துது’ என்ற சொல் ‘வலி’ என்று மாறிய கணத்தில் நோயைக் கண்டறிவதற்கான முதல் தடயமும் தொலைந்துபோயிற்று.

காந்தலும் வலிதானே, இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். மூட்டுத் தேய்ந்தவர் ‘காந்துகிறது’ என்று சொல்வது அரிது. தசை களைத்தவர் ‘கடுக்கிறது’ என்பார். இரவில் இரண்டு உள்ளங்கால்களும் காந்துகின்றன என்று ஒருவர் சொன்னால், அவர் சர்க்கரை நோயாளியாகவும் இருந்துவிட்டால், முதலில் ஐயுற வேண்டியது நரம்புச் சேதத்தை. சாதாரண வலி மாத்திரைகள் இவ்வகை வலியில் பெரும்பாலும் பயன்தருவதில்லை. எனவே சீட்டில் எழுதப்பட்ட சொல் தவறினால் அதைத் தொடர்ந்து வரும் மருந்தும் தவறுகிறது. நோயாளி இன்னும் பல இரவுகளை விழித்தே கழிக்கிறார். நரம்பு வலியால் இந்தியர்கள் படும் இரவுத் துன்பத்தில் ஒரு கணிசமான பங்கு மருந்தின்மையால் வருவதன்று. நோயாளியின் சொல்லைக் கேட்டுப் பதிவுசெய்யும் பழக்கம் இல்லாமையால் வருவது. இது மருத்துவத் துறையின் சிக்கல் மட்டுமன்று. மொழியியல் துறைகளும் இதில் பொறுப்பேற்க வேண்டும்.

உடலுணர்வு நரம்பு மண்டலத்தில் ஏற்பட்ட சேதத்தாலோ நோயாலோ உண்டாகும் வலியே நரம்பு வலி என்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2011இல் வரையறுத்தது. காலில் புண் இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பே பழுதாகி, இல்லாத நெருப்பை மூளைக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. இதற்கான காரணங்கள் இந்தியாவில் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நரம்புச் சேதத்துக்கு முதன்மையான காரணம் நீரிழிவே. அதற்கு உட்கொள்ளும் மெட்ஃபார்மின் நீண்ட காலத்தில் பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடும். அக்குறைபாடும் நரம்பைத் தாக்கும். காசநோய்க்கான ஐசோனியாசிட் நரம்பைப் பாதிக்கும் என்பதால்தான் அதனுடன் பைரிடாக்சின் சேர்த்துத் தரப்படுகிறது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். தொழுநோய் அடிப்படையில் தோலையும் நரம்பையும் தாக்கும் நோய். மதுப் பழக்கம், அக்கி, புற்றுநோய்க்கான மருந்துகள், முதுகெலும்புத் தட்டு விலகல் என்று பட்டியல் நீள்கிறது.

ஏன் இரவில் மட்டும் இது இவ்வளவு வலுக்கிறது? பகலில் வேலையும் பேச்சும் நடமாட்டமும் மூளையின் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விளக்கணைத்துப் படுத்தபின் அக்கவனத்துக்குப் போட்டியாக எதுவும் இல்லை. அழற்சியைக் கட்டுப்படுத்தும் கார்டிசால் சுரப்பு நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்ந்திருக்கிறது. போர்வையின் மெல்லிய உரசலைக்கூடச் சேதமுற்ற நரம்பு எரிச்சலாக உணரக்கூடும். இவற்றுக்கு மேலாக, உறக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் திறன் குறைகிறது. வலி மிகுந்தால் உறக்கம் மேலும் கெடுகிறது. இவ்வாறு சுழலும் ஒன்றை ‘வயசானா தூக்கம் வராது’ என்று வீட்டார் ஒதுக்கிவிடுவது எளிது.

இரவில் வரும் எல்லாக் கால் துன்பமும் நரம்பு வலி அன்று என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். சொற்களின் இன்றியமையாமை மிகத் தெளிவாகப் புலப்படுவது இவ்விடத்தில்தான். இரண்டு பாதங்களிலும் விரல்நுனியிலிருந்து மேலேறும் காந்தலும் மதமதப்பும் நரம்புச் சேதத்தைச் சுட்டுகின்றன. ‘கால் குடையுது, ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கு, எழுந்து நடந்தா சரியாப்போவுது’ என்றால் அது பெரும்பாலும் ஓய்வறு கால் எனப்படும் வேறொரு கோளாறு. இரும்புச்சத்துக் குறைவுடன் நெருங்கிய தொடர்புடையது. கெண்டைக்கால் திடீரென்று கல்லாக இறுகி, நீவிவிட்டதும் தளர்ந்தால் அது தசைப்பிடிப்பு. படுத்தால் பாதம் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் தணியுமானால் அது இரத்த ஓட்டம் தடைப்பட்டதன் அறிகுறி. காலையே இழக்க நேரும் ஆபத்து அதில் உண்டு. நள்ளிரவில் கை மரத்து விழிப்பு வந்து, கையை உதறினால் தெளியுமானால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். ஐந்து நோய்கள், ஐந்து வெவ்வேறு மருத்துவங்கள். சீட்டில் எழுதப்படுவதோ ‘இரவில் வலி’ என்ற ஒரே தொடர். நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், ஓய்வறு கால் உடையவருக்கு அத்துன்பத்தைக் கூட்டவும் கூடும். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் நாட்டில், ‘குடைச்சல்’ என்ற சொல்லை அலட்சியமாகக் கடந்துபோக இயலாது.

வலியைச் சுட்டும் சொற்களையே நோய்க்கணிப்பின் கருவியாக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், வலியின் மொழி குறித்து டார்கர்சனுடன் இணைந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மருத்துவ நூல்களிலிருந்தும் நோயாளிகளின் பேச்சிலிருந்தும் திரட்டிய சொற்களை வகைப்படுத்தியதன் பயனாக, 1975இல் மெக்கில் வலி வினாநிரல் உருவாயிற்று. 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டன. ‘எவ்வளவு வலிக்கிறது’ என்ற கேள்வியோடு நின்றிருந்த மருத்துவம் ‘எவ்வாறு வலிக்கிறது’ என்றும் கேட்கத் தொடங்கியது. 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நரம்பு வலியை மட்டும் இனங்காண டி.என்.4 என்ற வினாநிரலை அமைத்தனர். அதில் உள்ள பத்துக் கூறுகளில் ஏழு, நோயாளி வாய்மொழியாகச் சொல்லும் உணர்வுகள். மூன்று மட்டுமே உடலைத் தொட்டுச் செய்யும் சோதனைகள். பத்தில் நான்கு தேறினால் நரம்பு வலி என்று ஐயுறலாம். நுண்ணிய நரம்பிழைகள் மட்டும் சேதமுற்ற நிலையில் வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை இயல்பாகவே இருக்கக்கூடும். அத்தகையவரிடம் விலையுயர்ந்த கருவி கண்டுபிடிக்காததை அவருடைய வாய்ச்சொல் காட்டிக்கொடுக்கிறது.

அந்த வாய்ச்சொற்களில் இந்திய மொழிகள் வறியவை அல்ல. தமிழில் காந்தல், எரிச்சல், குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, தெறிப்பு என்று பெயர்ச்சொற்கள் ஒரு வரிசை. மதமத, நமநம, குறுகுறு, சுருக்சுருக், விண்விண் என்று இரட்டைக்கிளவிகள் மற்றொரு வரிசை. பிரித்தால் பொருள் தராத இவ்விரட்டைகளுக்குத் தொல்காப்பியம் தனியே இலக்கணம் வகுத்தது. இவ்வகை ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்தோ-ஆரிய, திராவிட மொழிக் குடும்பங்களுக்குப் பொதுவாக விளங்குவதை எமனோ 1969இல் விரிவாக எடுத்துக்காட்டினார். இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாகக் கருதுவதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. கை கால் மரத்து ஊறும் உணர்வை இந்தி பேசுவோர் ‘ஜுன்ஜுனி’ என்கின்றனர். குழந்தையின் கிலுகிலுப்பைக்கு அவர்கள் வழங்கும் பெயரும் இதே ஒலியில் அமைந்ததே. வங்காளியர் ‘ஜின்ஜின்’ என்றும், சில்வண்டைச் சுட்டும் ஒலிச்சொல்லைக் கொண்டு ‘ஜிஞ்ஜி’ பிடித்துவிட்டது என்றும் சொல்கின்றனர். தெலுங்கில் ‘திம்மிரி’, கன்னடத்தில் ‘ஜோமு’, மலையாளத்தில் ‘தரிப்பு’. தமிழில் ‘திமிர்’ என்பதற்கு உணர்விழப்பு என்ற பொருள் அகராதியில் இன்றும் உண்டு. இளைய தலைமுறைக்கோ அச்சொல் செருக்கை மட்டுமே நினைவூட்டுகிறது. ‘காலு திமிர் புடிச்சிக்கிச்சு’ என்று ஒரு முதியவர் சொன்னால் பயிற்சி மருத்துவர் சிரித்துவிடவும் கூடும்.

உவமைகளும் இவ்வாறே. ‘எறும்பு ஊர்ற மாதிரி’, ‘மொளகா அரைச்சுப் பூசின மாதிரி’, ‘கரண்ட் அடிக்கிற மாதிரி’, ‘பஞ்சு மேல நடக்குற மாதிரி’ என்பவை வெறும் அலங்காரங்கள் அல்ல. பஞ்சின்மேல் நடப்பது போன்ற உணர்வு, பாதத்திலிருந்து செல்லும் உணர்வுச் செய்தி குன்றிவிட்டதைத் தெரிவிக்கிறது. ‘செருப்பு கழண்டதே தெரியல’ என்பது அதனினும் நுட்பமான அறிகுறி. அனுபவம் வாய்ந்த இந்திய நரம்பியல் மருத்துவர்கள் ‘நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுவிடுகிறதா, கழன்றது தெரிகிறதா’ என்று தவறாமல் கேட்பர். காலணியை இறுகக் கட்டி நடக்கும் குளிர்நாடுகளில் உருவான வினாநிரல்களில் இப்படியொரு கேள்வியை எதிர்பார்க்க முடியாது. இது இந்தியப் பாதங்களிலிருந்து பிறந்த கேள்வி.

அயல்மொழி வினாநிரல்களை இந்திய மொழிகளில் பெயர்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. பெயர்ப்பு வேண்டியதே, ஆயின் அதன் வழக்கமான முறையில் ஒரு குறை இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர் பெயர்ப்பார்; அத்தமிழை மூலத்தைப் பாராத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பார்; இரண்டு ஆங்கிலமும் பொருந்தினால் பெயர்ப்பு சரியென்று கொள்ளப்படும். இச்சோதனை தமிழ்த் தொடர் ஆங்கிலத்துக்கு ஈடாக இருப்பதை உறுதிசெய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு விவசாயத் தொழிலாளி அத்தொடரைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் சொல்வாரா என்பதைச் சோதிப்பதில்லை. டி.என்.4 வினாநிரல் மரத்துக் கூசுவதையும் ஊசிகள் குத்துவதையும் தனித்தனிக் கூறுகளாகக் கேட்கிறது. தமிழ் பேசுவோரில் பலர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவர். ஆங்கிலம் ஒன்றாகக் காணும் எரிதலைக் காந்தல், எரிச்சல் என்று பிரிப்பர். ஆங்கிலத்தின் கட்டங்களில் தமிழை நிரப்பினால் தமிழ் செய்யும் வேறுபாடுகள் அவற்றில் இடம்பெறாமலே போய்விடும். சொற்களை நோயாளிகளிடமிருந்து முதலில் திரட்ட வேண்டும். கட்டங்களை அதன்பிறகே வரைய வேண்டும். மெல்சாக் தம் மொழிக்குச் செய்தது அதைத்தான்.

‘நரம்பு’ என்ற சொல்லே இடர் தருவது என்பதையும் மறைக்கலாகாது. பேச்சுத் தமிழில் அது நரம்பையும் குறிக்கும், இரத்தக் குழாயையும் குறிக்கும், தசைநாணையும் குறிக்கும். ‘நரம்புல ஊசி’ என்றால் சிரையில் ஏற்றும் ஊசி. ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்றால் புடைத்த சிரைகள். ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்றால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. இந்தியில் ‘நஸ்’ என்ற சொல்லும் இதே பரப்பில் உலவுகிறது. எனவே ‘உங்களுக்கு நரம்பில் பிரச்சினை’ என்று மருத்துவர் சொன்னதும், நோயாளி இரத்த ஓட்டத்தை எண்ணிக்கொண்டு வீடு திரும்புவது இயல்பு. மருத்துவர் ஒரு நோயைச் சொல்கிறார். நோயாளி மற்றொன்றைக் கேட்கிறார்.

இதைவிடக் கடுமையான தடை ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற தொடர். பேருந்து நிலையச் சுவர்களிலும் இரவுநேரத் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் பல பத்தாண்டுகளாக இத்தொடர் ஆண்மைக் குறைவுக்கு இடக்கரடக்கலாக வழங்கிவருகிறது. அதனால் நாற்பது வயது ஆண் ஒருவர் ‘நரம்பு டாக்டர்’ என்று எழுதிய பலகையின் கீழ்க் காத்திருக்கக் கூசுகிறார். கால் மதமதப்பைப் பிறரிடம் சொல்ல நேர்ந்தால் ‘சுகர்னால கொஞ்சம் அசதி’ என்று மழுப்புகிறார். நோயைச் சொல்லத் தகுந்த சொல் ஒன்றை வணிகம் கைப்பற்றிக்கொண்டதன் விலையை அவர் பாதங்கள் தருகின்றன.

சொல் தவறிய இடத்தில் மருந்து எவ்வாறு தவறுகிறது என்பதைக் காண்பது கடினமன்று. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் நரம்பு வலியைத் தணிக்காததோடு, நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். ‘நரம்பு ஊசி’ என்று போடப்படும் பி12 ஊசி, பி12 குறைபாடு உள்ளவருக்கு அருமருந்து. குறைபாடு இல்லாதவருக்கு ஆறுதல் மட்டுமே. பி6 நிறைந்த சத்து மாத்திரைகளை அளவுமீறி நெடுங்காலம் விழுங்கினால் அதுவே நரம்பைச் சேதப்படுத்தும். காந்தும் பாதத்தை வெந்நீரில் அமிழ்த்துவோர் உண்டு. உணர்வு குன்றிய தோலுக்கு நீரின் சூடு தெரியாது, கொப்புளம் எழுந்தபின்தான் தெரியும்.

சரியான மருந்து எழுதப்பட்டபோதும் சொல்லின் பணி முடிவதில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகேபலின், கேபபென்டின் ஆகியவை நரம்பு வலிக்கு முதல் நிலையில் பரிந்துரைக்கப்படுபவை. முதலிரண்டும் மனச்சோர்வுக்கான மருந்துகளாக அறிமுகமானவை. மற்ற இரண்டும் வலிப்பு மருந்துகள். நோயாளியின் மகன் மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தேடுகிறான். ‘மனநோய் மாத்திரை கொடுத்திருக்காங்க’ என்று வீடு கலங்குகிறது. மறுநாளே மாத்திரை நிறுத்தப்படுகிறது. ‘இது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து, குறைந்த அளவில் நரம்பு எழுப்பும் பொய்ச் செய்தியை அடக்கும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும்’ என்று நான்கு தொடர்கள் சொல்லப்பட்டிருந்தால் அது நிகழ்ந்திராது. இம்மருந்துகள் எல்லோருக்கும் பயன்தருவனவும் அல்ல. 2015இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு வலி பாதியளவு குறைய அமிட்ரிப்டிலின் வகை மருந்தை ஏறத்தாழ 4 பேருக்கும், பிரிகேபலினை ஏறத்தாழ 8 பேருக்கும் தர வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு மருந்து பலிக்காவிட்டால் அளவை மாற்றவும் வேறொன்றைத் தேடவும் நோயாளி திரும்பி வந்தாக வேண்டும். தம் சொல் கேட்கப்பட்டது என்ற நம்பிக்கை உடையவரே திரும்பி வருவார்.

மிகப் பெரிய ஆபத்து ‘வலி போயிடுச்சு’ என்ற தொடரில் மறைந்திருக்கிறது. நரம்பு குணமானாலும் வலி போகும். நரம்பு முற்றிலும் இறந்தாலும் வலி போகும். இரண்டுக்கும் நோயாளி சொல்லும் தொடர் ஒன்றே. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை, உணர்விழந்தமையால் அடிபட்டும் சுட்டும் சிதைகின்றன என்பதைத் தம் அவதானிப்புகளால் நிறுவினார். இரவில் படுக்கச் செல்லும்போது இருந்த விரற்பகுதி காலையில் இல்லாதிருந்ததன் காரணத்தைத் தேடியபோது, உறக்கத்தில் எலிகள் கடித்துத் தின்றது தெரியவந்தது. கடித்தது நோயாளிக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டதாக அவர் பதிவுசெய்திருக்கிறார். காந்தலால் உறக்கமிழக்கும் இரவு கொடியது. எலி கடித்தும் விழிக்காத இரவு அதனினும் கொடியது. முதலாவது இரண்டாவதாக மாறும் முன் தலையிடுவதற்குக் கிடைக்கும் காலத்தைத்தான் ‘கால் வலி’ என்ற பதிவு வீணாக்குகிறது. நீரிழிவால் நரம்புச் சேதமுற்றவர்களில் பாதிப் பேர்வரை எந்த அறிகுறியையும் உணராமலிருக்கக்கூடும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலைப்பாட்டறிக்கை கூறுகிறது. அவர்களுக்காகவே 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அதற்குத் தேவை ஓர் இழையும் இரண்டு நிமிடமும், செருப்பைக் கழற்றச் சொல்லும் மனமும்.

மருத்துவக் கல்வியின் மொழி குறித்து நாட்டில் நடைபெறும் விவாதம் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு முதலாண்டு மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. உடற்கூறியலையும் உடலியங்கியலையும் மாணவர் எந்த மொழியில் கற்க வேண்டும் என்பதில் இருதரப்பும் ஊக்கத்துடன் வாதிட்டன. பாடநூலின் மொழி ஒன்று, நோயாளியின் மொழி மற்றொன்று. கலைச்சொல்லாக்கத்தில் பயின்ற தூய இந்தியோ தூய தமிழோ நோயாளியின் வாயில் இல்லை. நரம்பியல் முழுவதையும் தமிழில் படித்த ஒருவர்கூட ‘குடைச்சல்’ என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்கக்கூடும். ஆங்கிலத்தில் படித்த ஒருவர் மூன்று ஆண்டுகள் கிராமத்தில் பணியாற்றி அதை நன்கு அறிந்திருக்கவும் கூடும். 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், தொடக்கப் பயிற்சிக் காலத்தில் உள்ளூர் மொழிக்கும் இடம் அளித்தது. வாழ்த்தும் வழிகேட்பதும் கற்பிக்கும் பொதுவகுப்பாக அது முடிந்துவிடாமல், வலிச்சொற்களைக் கற்பிக்கும் வகுப்பாக ஆக்குவது கடினமன்று.

மாநில எல்லைகளைக் கடந்து நோயாளிகள் பயணம் செய்யும் நாடு இது. வேலூரின் மருத்துவமனைச் சாலைகளில் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் தொங்குகின்றன. ‘ஜின்ஜின்’ என்று சொல்லும் ஒருவர் ‘மதமத’ என்று கேட்டுப் பழகிய மருத்துவர்முன் அமர்கிறார். இருவருக்கும் இடையில் ‘டிங்கிளிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஏந்திச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லும் அவருக்குக் கைவராதபோது ‘பெயின்’ ஆகிவிடுகிறது. திருப்பூரிலும் சூரத்திலும் பணிபுரியும் புலம்பெயர் தொழிலாளர்களின் நிலை இதனினும் எளிதாக இருக்க வழியில்லை.

ஆகவே மொழியியல் துறைகள் முன் ஒரு வேலை இருக்கிறது. வட்டார வழக்காய்வு என்ற பெயரில் உறவுமுறைச் சொற்களும் வேளாண் சொற்களும் ஆண்டுதோறும் திரட்டப்படுகின்றன; அவை மதிப்புடையவை. வலிச்சொற்களைத் திரட்டும் ஆய்வேடுகளும் அவ்வாறே எழ வேண்டும். நோய் உறுதிசெய்யப்பட்டவர்களிடம் சென்று, அறநெறிக் குழுவின் ஒப்புதலோடும் அவர்களது இசைவோடும் அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து, எந்தச் சொல் எந்த நோயோடு எவ்வளவு இணைந்து வருகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். காந்தல் என்ற சொல்லை நரம்பு வலி உள்ளவர்களும் இல்லாதவர்களும் எவ்விகிதத்தில் பயன்படுத்துகின்றனர் என்பது அளந்தறியக்கூடிய செய்தி. வட்டாரம், சாதி, பால், வயது ஆகியவற்றால் அது மாறுகிறதா என்பதும் அவ்வாறே. இதில் மொழியியலாளர் தனித்து இயங்கினால் அகராதி கிடைக்கும். மருத்துவர் தனித்து இயங்கினால் பெயர்ப்பு கிடைக்கும். இருவரும் சேர்ந்தால்தான் கருவி கிடைக்கும். பல்கலைக்கழகமும் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே நகரில், சில இடங்களில் ஒரே சாலையில், இருந்தும் ஆய்வு மாணவர் ஒருவரேனும் இங்கிருந்து அங்கே அனுப்பப்படுவது அரிதாகவே இருக்கிறது.

நோயாளியின் சொல் துல்லியமற்றது, ஒருவர் காந்தல் என்பதை மற்றொருவர் எரிச்சல் என்பார், ஆகவே சோதனைகளையே நம்ப வேண்டும் என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. சொல் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆயினும் எந்தச் சோதனையை யாருக்குச் செய்வது என்பதைத் தீர்மானிப்பது சொல்லே. நரம்புக் கடத்தல் சோதனைக்குக் கருவியும் நிபுணரும் பணமும் வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருப்பது ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் நீண்ட வரிசையும். ‘ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு’ என்று கேட்கப்படும் எண் துல்லியமாகத் தோன்றுகிறது. மூட்டு வலிக்கு 7 என்பவரையும் காந்தலுக்கு 7 என்பவரையும் அது பிரித்துக்காட்டுவதில்லை.

அத்தகைய கருவி உருவாகும்வரை இரவுகள் காத்திருக்கப்போவதில்லை. இத்துன்பம் உடையவர் மருத்துவரிடம் செல்லும்போது ‘வலிக்கிறது’ என்று தொடங்காமல், தம் வாயில் இயல்பாக வரும் சொல்லிலேயே தொடங்கலாம்: காந்துகிறதா, மரத்திருக்கிறதா, குடைகிறதா, எப்போது தொடங்குகிறது, நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, காலைத் தொங்கவிட்டால் எப்படி, போர்வை பட்டால் எப்படி, செருப்பு கழன்றது தெரிகிறதா. உடன் செல்லும் மகனோ மகளோ அச்சொல்லை ஆங்கிலப்படுத்தாமல் அப்படியே சொல்லவிட வேண்டும். சர்க்கரை அளவும் பி12 அளவும் பார்க்கப்பட்டனவா என்று கேட்கலாம். ஒவ்வோர் இரவும் படுக்குமுன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பதும், வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்ப்பதும், நீரின் சூட்டை முழங்கையாலோ பிறர் கையாலோ சோதிப்பதும் செலவில்லாத காப்புகள். கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, மரப்பு நாளுக்கு நாள் மேலேறினாலோ, சிறுநீர் மலக் கட்டுப்பாடு தவறினாலோ, பாதத்தில் புண்ணோ கருமையோ தோன்றினாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது.

அந்த முதிய பெண் அடுத்த மாதமும் வருவார். வலி மாத்திரை தீர்ந்திருக்கும், காந்தல் தீர்ந்திராது. அப்போதேனும் சீட்டில் அவருடைய சொல் அவர் சொன்னபடியே, தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதப்படட்டும். அதன் பக்கத்தில் மருத்துவர் ஆங்கிலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.